உப்பளத்து வானம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முள்ளக்காடு பக்கம் வந்ததும் வானம் சட்டென்று அகன்றுவிடும். இரு மருங்கும் உப்பளம். பாத்தி பாத்தியாய்த் தேங்கிய நீர். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு துண்டு வானம். ஊருக்குள் மாடிகளுக்கு நடுவே கையகலமாய்ச் சுருங்கிப்போனது இங்கே முழு உருவோடு நிற்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை.

இந்த வெளி தானாக அமைந்ததல்ல. நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்திகளில் காயவிட்டு, படிந்ததை வாருகிறார்கள். வெயிலும் காற்றும் மறைப்பில்லாமல் வேண்டும். அதனால் பாத்திகளுக்கு நடுவே மரம் கிடையாது. நாம் நின்று வியக்கும் விரிவுதான் அங்கே உழைப்பவர்களுக்கு ஒதுங்க நிழலில்லாத வெட்டவெளி. வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பறிக்கும். அதற்கு அஞ்சியே பலர் விடியுமுன் வேலைக்கு இறங்குகிறார்கள்.

கருமேகம் திரண்ட ஒரு மாலையில், அளத்து வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற அக்கா ஒருவரிடம் வானத்தைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தேன். "மேகத்தப் பாத்தாலே வயித்துல புளியக் கரைக்கும் தம்பி" என்றார். ஒரு மழை போதும், விளைந்த உப்பு கரைந்துவிடும். வடகிழக்குப் பருவம் தொடங்கினால் சில மாதங்களுக்கு வேலையே இல்லை. அதே மேகத்துக்காக விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் உளுந்தும் பாசியும் விதைத்தவர்கள் அண்ணாந்து காத்திருப்பார்கள். அந்த மேகத்தை நான் யாரோடு சேர்ந்து பார்ப்பது?

இந்தக் கரையில் வானத்தை வெறுமனே ரசித்தவர்கள் குறைவு. முத்துக்குளிப்பும் காற்றைப் பார்த்தே நடந்தது; 1961-க்குப் பிறகு அது நின்றுபோனது. அது நடந்த காலத்தில், வாடை ஓய்ந்து, தென்காற்றான சோளகம் எழுமுன் கடல் தெளிந்து கிடக்கும் சில வாரங்களுக்குள்தான் குளியாட்கள் சிப்பி கிடக்கும் பாருக்குப் போக முடிந்தது. காற்று மாறினால் அடித்தளம் கலங்கும். கணக்கில் அடங்காத மழையும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறுகிற சராசரி மழையைவிட அது அதிகம். அதற்குப் பிறகு இங்கே யாரும் மேகத்தைப் பழையபடி பார்ப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்த பின் வானத்தின் அழகு எனக்குக் குறைந்துவிடவில்லை. முன்பு நிறத்தை மட்டும் பார்த்தேன். இப்போது காற்று மேற்கிலிருந்து வரும் கச்சானா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, யார் வீட்டில் இன்று கவலை என்று பார்வை நின்று நிதானிக்கிறது. வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை இங்கே கூட்டி வரும்போதும், படம் எடுக்கட்டும், அதோடு சற்று நேரம் வெயிலிலும் நிற்கட்டும் என்றே விரும்புகிறேன்.

பாத்திகளுக்குள் மரம் கூடாது, சரி. சாலையோரத்தில், உப்புக்குக் கெடுதல் வராத தொலைவில், குடை விரித்தாற்போல் வளரும் நம்மூர் உடைமரத்துக்கு இடமிருக்கிறது. அதனடியில் அளத்தில் உழைப்பவர்களுக்கு ஒரு கொட்டகையும் குடிதண்ணீரும் வைக்கலாம்.