நான்கு வருஷமா, இரண்டா?

ஒரு ராஜினாமா மனதை விட்டு நகர மறுக்கிறது. 1945இல் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் கோவையில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரிதான் அது. அதன் முதல்வராக இருந்த நாயுடு, பொறியியல் படிக்க நான்கு வருஷம் வேண்டாம், இரண்டு போதும் என்றார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை; அவர் பதவியை விட்டு விலகினார். கல்லூரியையே கொண்டுவந்தவர் வருஷக் கணக்குக்காக வெளியேறினார் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. நான்கா, இரண்டா?

பட்டம் செலவுக்குத் தகுமா என்ற பேச்சில் கட்டணம் அடிபடுகிறது, வருஷம் அடிபடுவதில்லை. கல்விக்கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் சத்தமில்லாத அந்த ஐந்து வருஷமும் வட்டி ஓடுகிறது. வருஷம் 1 லட்சம் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டுப் பாருங்கள். முதல் தவணை நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். அதே வட்டியில் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் வேண்டும். படிப்பு இரண்டே வருஷமென்றால் நிற்பது 2 லட்சத்து 50 ஆயிரம், தவணை 3,300 ரூபாய். 15 ஆயிரம் சம்பளத்தில் சேரும் பிள்ளைக்கு முதலாவது ஏறக்குறையப் பாதிச் சம்பளம்; இரண்டாவது கால்வாசி கூட இல்லை. கிணத்துக்கடவு தக்காளி மார்க்கெட்டில் பெட்டிக்கு ஐந்து ரூபாய் குறைந்தாலும் விவசாயி கேட்காமல் விடமாட்டார். வண்டி வாடகை, கமிஷன் போகக் கையில் என்ன நிற்கும் என்பது அவருக்கு மனக்கணக்கு. அதே பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்க்கும்போது அவர் அந்தக் கணக்கைப் போடாதது அறியாமையால் அல்ல. பிள்ளை விஷயத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்ற பாசத்தால்.

அரசு கைகொடுக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு இடத்தில் கட்டணச் சலுகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இரண்டாவது திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கப்பட்டது. இவை செலவைக் குறைக்கின்றன, வருஷத்தைக் குறைப்பதில்லை. இரண்டு வருஷப் படிப்பு ஐடிஐயில் இருக்கிறது, மூன்று வருஷத்துக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது, அங்கே போகட்டுமே என்றால் அது அவ்வளவு எளிதல்ல. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "மாப்பிள்ளை என்னங்க படிச்சிருக்காப்ல?" என்பதுதான் முதல் கேள்வி. அரசு வேலைத் தேர்வுகள் பலவற்றுக்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

இதைவிடப் பெரிய மறுப்பு நாயுடுவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத அவர் பஸ் கம்பெனி நடத்தினார், 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். ஆனால் அவர் கோவை அருகே கலங்கலில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தோற்றால் திரும்பிப் போகக் காடு இருந்தது. அந்தக் காட்டில் கூலிக்கு வேலை செய்தவரின் பேரனிடம் போய், பட்டம் எதற்கு என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நிலமில்லாத வீட்டுக்குப் பட்டம்தான் பட்டா. தலைமுறைகளாகப் பெயரால் அல்லாமல் சாதியால் கூப்பிடப்பட்ட ஒருவர் ஆபீசில் "சார்" என்று அழைக்கப்படுவதை எந்த வட்டிக் கணக்கில் சேர்ப்பது?

அதனால் பட்டமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு வருஷமும் தேவைதான் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நாயுடு கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த ஜூனில் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து மாதம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்று வங்கியில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பிள்ளையிடமும் காட்டுங்கள்.