அழகுக்கு வளர்த்த கீரையைப் பறிக்கலாமா?

ஈப்போவில் தாமான் வீட்டு வாசல்களில் கீரையும் இப்போது அழகுச் செடியாகிவிட்டது. சிவப்புத் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை என்று நிறம் பார்த்துத் தொட்டிகளை அடுக்குகிறோம். படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம். சமையலுக்குக் கொஞ்சம் பறிக்கலாம் என்று அம்மா வந்தால், "வேணாம்மா, அழகு போயிடும்!" என்று தடுக்கிறோம். சின்ன விஷயம்தான். ஆனா இதுக்குள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கு. ஒன்றின் அழகைக் காப்பாற்றுவதற்காக அதன் பயனை மறுப்பது சரியா?

1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு பேராக் முழுவதும் பால்மரத் தோட்டங்கள் பரவின. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் வளர்ந்தன. குறைந்த கூலியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதுதான் கறிக்கு வழி. ஆனால் நிலம் அவர்களுடையது இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வீட்டோடு கீரைப் பாத்தியையும் விட்டுவிட்டுத்தான் வெளியேறினார்கள்.

பின்கட்டில் பசிக்காக வளர்ந்த கீரை இன்று முன்வாசலுக்கு வந்திருப்பது சந்தோஷமே. "வயித்துக்கு உதவினாத்தான் மதிப்பு, அழகெல்லாம் வீண்" என்று சொல்வது நியாயமில்லை. அதே லயத்து வாசலில்தானே நம் பாட்டிமார் கோலமும் போட்டார்கள்?

அந்தக் கோலத்தையே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அரிசி மாவில் போட்டால் எறும்பும் குருவியும் தின்னும்; பொழுது சாய்வதற்குள் கலைந்துவிடும். அதனால் கோலம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் மறுபடி போடுகிறோம். அழகும் உணவும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு வாசலிலேயே சாட்சி இருக்கிறது.

செடியும் இதையேதான் சொல்கிறது. பொன்னாங்கண்ணி, பசலையின் நுனியைக் கிள்ளினால் கணுவில் பக்கக் கிளை துளிர்த்து அடர்த்தியாகும். கிள்ளாமல் விட்டால் தண்டு நீண்டு முற்றிவிடும். தண்டுக்கீரையோ பூத்து, விதை விட்டு, காய்ந்துபோகும். கை படாமல் காத்தாலும் அழகு நிற்காது.

"அப்போ பறிக்கிறது ஹிம்சை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். பதில் அளவில் இருக்கிறது. இலை முழுவதையும் உருவி மொட்டையடிப்பது பேராசை. செடி மறுபடி துளிர்க்க இடம் விட்டு எடுப்பது தர்மம்.

திரௌபதியின் அட்சய பாத்திரக் கதை நமக்குத் தெரியும். சாப்பாடு முடிந்த பிறகு துர்வாசர் சீடர்களோடு வந்துவிட்டார். பாத்திரத்தில் ஒட்டியிருந்த பருக்கையையும் கீரைத் துணுக்கையும் கண்ணன் வாயில் போட்டதும் எல்லோர் பசியும் அடங்கியது. அந்தக் கீரை பாத்திரத்திலேயே ஒட்டிக் கிடந்திருந்தால் யார் பசியும் தீர்ந்திருக்காது.

ஆகவே, தம்பி தங்கைகளே, தொட்டிகளை அழகாகவே அடுக்குங்கள். படமும் எடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் நுனி கிள்ளி ஒரு பிடி அம்மாவிடமும், இன்னொரு பிடி பக்கத்து வீட்டிலும் கொடுங்கள். அது சீனர் வீடோ மலாய்க்காரர் வீடோ, எதுவானாலும் சரி. அடுத்த வாரம் செடி இன்னும் அடர்ந்து நிற்கும்.