பெயர்த்தகடு பிரமாணமாகுமா?

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் செம்பனைத் தோட்டங்களிலும், பொந்தியானைச் சூழ்ந்த மென்மையான சதுப்பு மண்ணில் விளையும் அன்னாசித் தோட்டங்களிலும் பயன்படுவதற்காக 50 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு டிராக்டரை வாங்க முனைபவர், விலையைக் கேட்பதற்கு முன்பே இரண்டு வினாக்களை எழுப்புவது வழக்கம்: அது எந்தக் கம்பெனி, அது எங்கே செய்தது. முதல் வினாவுக்கு எஞ்சின் மூடியின்மேல் பெரிய எழுத்தில் விடை இருக்கிறது. இரண்டாவதற்கான விடை, இருந்தால், சட்டகத்தின் ஓரத்தில் அறைந்த சிறு தகட்டில் இருக்கும். இவ்விரு விடைகளும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்பது கடைவீதிச் சிக்கலாகத் தோன்றினாலும், இந்தியத் தத்துவ மரபு ‘அளவை’ என்னும் தலைப்பில் நூற்றாண்டுக் கணக்காக வாதிட்டு வந்த சிக்கலின் ஒரு வடிவமே அது. அளவை, வடமொழியில் பிரமாணம், என்பது மெய்யறிவைத் தரும் வாயில். அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார் அளவை பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்கி, பிற சமயத்தார் கூட்டியும் குறைத்தும் சொன்ன பலவகை அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடக்குகிறது. காட்சி என்பது புலன்களால் நேரே அறிவது. கருதல் என்பது கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது. உரை என்பது நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது.

டிராக்டர் வாங்குபவருக்குக் காட்சி ஓரளவுக்குமேல் உதவுவதில்லை. வண்ணப்பூச்சையும் பற்றவைப்பின் நேர்த்தியையும் அவர் காணலாம்; கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரம் எவ்வளவு கடினமாகப் பதப்படுத்தப்பட்டது என்பதையோ, ஐந்தாம் ஆண்டில் நீரியல் விசைக்குழாய் கசியுமா என்பதையோ எந்தக் கண்ணும் கடையில் காணாது. ஆகவே அவர் மற்ற இரண்டு அளவைகளை நாடுகிறார். ‘ஜப்பானில் செய்தது, ஆதலால் நல்லது’ என்பது கருதல். ‘இந்தக் கம்பெனி சொல்கிறது, ஆதலால் நல்லது’ என்பது உரை. பிறப்பிடமும் வணிகப்பெயரும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவை என்று பலரும் எண்ணினாலும் அவை இருவேறு அளவைகளைச் சார்ந்தவை, ஒன்றின் குறையை மற்றொன்றின் விதியால் அளக்க இயலாது.

முதலில் கருதலை எடுத்துக்கொண்டால், அனுமானம் பிழைபடும் வழிகளை மணிமேகலையின் 29ஆம் காதை விரிவாகப் பேசுகிறது. அங்கே கூறப்படும் ஏதுப்போலிகளுள், அதாவது காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதவற்றுள், ஒன்று அநைகாந்திகம்: நிறுவ வேண்டிய பொருளோடு மட்டுமன்றி அதற்கு மாறானவற்றோடும் சேர்ந்து காணப்படும் ஏது. நாட்டின் பெயர் இத்தகைய ஏது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவே சான்று. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகப் பொருட்காட்சியைக் கண்ட ஜெர்மானியப் பொறியியலாளர் பிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, மட்டமானவை என்று வெளிப்படையாகவே எழுதினார். கத்திகளுக்குப் பேர்போன இங்கிலாந்து நகரான ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்துக்கொண்டு ஜெர்மானியக் கத்திகள் நுழைகின்றன என்ற முறையீட்டின் பின்னணியில் பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றி, வாங்குவோரை மயக்கக்கூடிய குறி தாங்கிய அயல்நாட்டுப் பொருள்கள் தம் பிறப்பிடத்தைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. இழிவுக்காக இடப்பட்ட ‘ஜெர்மனியில் செய்தது’ என்னும் அந்தக் குறி ஒரு தலைமுறைக்குள் சிறப்புக் குறியாக மாறியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் சில ஆண்டுகள் பின்னும் மலிவுக்கே பெயர்பெற்றிருந்த ஜப்பானியப் பொருளின் கதையும் இதுவே. மண் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. ஏது மட்டும் எதிர்த்திசையில் சுட்டத் தொடங்கிவிட்டது.

இன்றைய டிராக்டரைப் பொறுத்தவரை இந்த ஏது இன்னும் தளர்ந்தது. குபோட்டா 1890இல் ஒசாகாவில் ஒரு வார்ப்படத் தொழிலாகத் தோன்றியது. (நிறுவனருக்கே அப்பெயர் பிறப்பால் வந்ததன்று, தம்மைத் தத்தெடுத்த குடும்பத்தின் பெயரை அவர் 1897இல் ஏற்றுக்கொண்டார்.) இன்று அதன் டிராக்டர்கள் தாய்லாந்திலுள்ள சயாம் குபோட்டா ஆலையிலிருந்தும் வருகின்றன. அமெரிக்கப் பெருமிதத்தின் அடையாளமாகக் கருதப்படும் ஜான் டியர் 1970களின் பிற்பகுதியில் தன் பச்சை வண்ணத்தோடு விற்ற சிறு டிராக்டர்களை ஜப்பானின் யன்மார் செய்துகொடுத்தது. எஞ்சின் ஒரு நாட்டில், கியர்ப் பெட்டி மற்றொரு நாட்டில், பொருத்துதல் மூன்றாம் நாட்டில் என்று அமையும் வண்டிக்குப் பிறப்பிடம் எது என்று கேட்பவர், மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி எழுப்பிய வினாவிடம் வந்து சேர்கிறார். அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல என்றால், தேர் என்பது வழக்கால் இடப்பட்ட பெயரே என்பது அத்துறவியின் முடிவு. நியாயம் என்னும் தருக்க மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளின் வேறாக, உறுப்புகளில் உறையும் முழுமை ஒன்று உண்டு, அதையே அவயவி என்கிறோம் என்று அவர்கள் வாதிட்டனர். உழவரின் அனுபவம் நியாயத்தாரின் பக்கமே சாய்கிறது என்று சொல்லலாம்: சேற்றில் இறங்கும்போது இழுப்பது எஞ்சினோ அச்சோ அல்ல, டிராக்டர்தான். ஆனால் அந்த முழுமைக்கு ஊர் உண்டா என்றால் நியாயத்தாரிடமும் எளிதான விடை இல்லை.

எனவே சுமை முழுவதும் உரையளவையின்மேல் விழுகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் உரையை ஆப்தனின் சொல் என்று வரையறுக்க, அதற்கு உரைகண்ட வாத்சியாயனர் ஆப்தன் யார் என்பதை விளக்குகிறார். பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்தவாறே பிறருக்கு அறிவிக்க விரும்புபவனாகவும் இருப்பவன் ஆப்தன். இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும், அதாவது அயல்மொழியும் அயல்நெறியும் உடையோருக்கும், பொதுவானது. குலத்தையும் நாட்டையும் நம்பகத்தின் அடிப்படையிலிருந்து விலக்கிவைக்கும் இக்கூற்று, அது எழுந்த காலத்தை எண்ணும்போது வியப்புக்குரிய துணிவுடையது. இதனை டிராக்டருக்குப் பொருத்தினால், தன் பெயரைப் பிறர் செய்த வண்டிமேல் பொறிக்கும் நிறுவனம் பொய்யுரைக்கிறது என்று உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது தெளிவாகும். வடிவமைப்பைத் தானே வகுத்து, மாதிரியைச் சோதித்து, உதிரிப் பாகத்துக்கும் பழுதுக்கும் பொறுப்பேற்றுக்கொள்ளும் நிறுவனம், எந்த ஊர் ஆலையில் பொருத்தினாலும், அறிந்து சொல்லும் தகுதியை இழப்பதில்லை. வண்டியைப் பற்றி எதுவும் அறியாமல் பெயரை மட்டும் வாடகைக்கு விடும் நிறுவனமோ தன் சொந்த ஊரிலேயே செய்வித்தாலும் ஆப்தன் ஆகாது.

இக்கருத்தை எதிர்த்திசையிலிருந்து சோதிக்கும் வழக்கு ஒன்று உண்டு. ஜப்பானிய வயல்களில் உழைத்துத் தேய்ந்த குபோட்டா சிறு டிராக்டர்களை வாங்கி அமெரிக்காவில் இறக்கி விற்ற வணிகர்கள்மேல் குபோட்டா நிறுவனமே முறையிட, அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 1997இல் அவ்வணிகம் வணிகக்குறி உரிமையை மீறுகிறது என்று முடிவு செய்தது; 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கேமட் டிரேடிங் வழக்கில் அதனை உறுதிப்படுத்தியது. அந்த வண்டிகள் போலிகள் அல்ல. செய்தது குபோட்டாவே, செய்த இடம் ஜப்பானே. பெயர், பிறப்பிடம் இரண்டும் மெய். ஆயினும் எச்சரிக்கைக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருந்தன, பாகங்கள் பல அமெரிக்க மாதிரிகளோடு ஒவ்வாதவை, அங்குள்ள முகவர்களிடம் அவற்றுக்கு உதிரிப் பாகமோ பராமரிப்போ இல்லை; ஆகவே அப்பெயரைக் கண்டு அமெரிக்க வாங்குநர் எதை எதிர்பார்ப்பாரோ அது அவ்வண்டியில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இதில் நிறுவனத்தின் தன்னலமும் கலந்திருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை, தன் புது வண்டியின் சந்தையைக் காக்காத கம்பெனி எங்கும் இல்லை. எனினும் தத்துவ நோக்கில் அத்தீர்ப்பு ஒன்றைத் தெளிவாக்குகிறது: பெயர் என்பது கடந்தகாலத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை, இனி நடக்கப்போவதற்கான வாக்கும் ஆகிறது. ‘ரீகோன்’ என்ற பெயரில் ஜப்பானியப் பழைய வண்டிகள் புழங்கும் மலேசியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

வாக்குக் கொடுத்தவர் யார் என்பதே மங்கிப்போகும் நேரங்களும் உண்டு. கனடாவில் 1847இல் தொடங்கிய மாஸி, 1953இல் ஹாரி ஃபெர்குசனின் நிறுவனத்தோடு இணைந்து, 1994இல் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது; 1960களின் தொடக்கம் முதல் சென்னையின் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்துவந்தது. இரு தரப்புக்கும் இடையே எழுந்த வழக்கு 2025இல் உடன்பாட்டில் முடிந்தபோது, இந்தியா, நேப்பாளம், பூட்டான் ஆகிய மூன்று நாடுகளில் அப்பெயரின் உரிமை டாஃபேக்கு உரியதாயிற்று. எல்லைக்கு இப்புறம் ஓர் ஆப்தன், அப்புறம் வேறோர் ஆப்தன். எழுத்து மட்டும் ஒன்றே.

கோயிற்கலை மரபு இச்சிக்கலை வேறு விதமாகக் கையாள்வதை இங்கே கருதிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் செதுக்கிய திருமேனி மலேசியக் கோயிலில் நிறுவப்படும்போது, கண்திறப்பும் குடமுழுக்கும் நிறைவேறிய பின்னர் அதை யாரும் அயலூர்ச் சிலை என்பதில்லை. ஆனால் பெயரிட்டதும் எல்லாம் ஆகிவிட்டது என்றும் சிற்ப நூல்கள் கூறவில்லை. கல்லை ஆண், பெண், அலி என வகுத்து, ஒலியைத் தட்டிச் சோதித்து, குற்றமுள்ளதை விலக்கச் சொல்கின்றன. சடங்கு கல்லின் தேர்வை ஈடுசெய்யாது. கல்லின் தேர்வும் சடங்கை ஈடுசெய்யாது.

இவ்வளவு சொன்ன பிறகும் பிறப்பிட வினா அழிவதில்லை, தரத்தின் துறையிலிருந்து அறத்தின் துறைக்கு அது நகர்கிறது. டயர் செய்யும் டன்லப் நிறுவனம் மலாயாவில் சொந்த ரப்பர்த் தோட்டங்களே வைத்திருந்தது. அங்கே தமிழ்த் தொழிலாளர் இறக்கிய பால், டயராகி உருண்டபோது அதில் இருந்தது டன்லப்பின் பெயர் மட்டுமே. ஜொகூர் இன்று இதே நாடகத்தின் மறு காட்சியை நடத்துகிறது. டைசன் நிறுவனம் 2002இல் தன் தூசு உறிஞ்சிகளின் உற்பத்தியை இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. ஜொகூரின் ஒப்பந்த ஆலைகள் அப்பெயருக்காக உழைத்தன, அவ்வாலைகளில் நேப்பாளிகளும் வங்காளதேசத்தவரும் திரளாக நின்றனர். மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொருள் செய்யப்பட்ட இடத்தைப் பற்றிப் பொய் சொல்வதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டம் கேட்பது இடத்தின் பெயரை; கைகளின் பெயரை அது கேட்பதில்லை.

வாத்சியாயனரின் இலக்கணத்தை முற்றாகப் பொருத்தினால் இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. பொருளை நேரே அறிந்திருத்தல் என்னும் முதல் தகுதி, வேறு எவரையும்விடக் கியரைக் கடைந்தவருக்கும் திருகை முடுக்கியவருக்கும் உண்டு. அறிவிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. வணிகப்பெயருக்கோ அறிவிக்கும் வாய்ப்பு வரம்பின்றி உண்டு, நேரே அறிதல் தணிக்கை அறிக்கைகளின் வழியாகவே அதற்குக் கிடைக்கிறது. 2021இல் தொழிலாளர் தரப்பில் எழுந்த குற்றச்சாட்டுகளுக்கும் அதைத் தொடர்ந்த தணிக்கைக்கும் பிறகு டைசன், ஜொகூரிலிருந்த ஒப்பந்த உற்பத்தியாளர் ஒருவருடனான உறவை முறித்துக்கொண்டது. தகட்டில் இடமில்லாதவர்களின் உரை அப்போது பெயருக்குரியவரையே அசைத்தது. ஆனால் ஒப்பந்தம் போனதால் ஆலையில் வேலையிழக்கும் நிலைக்கு வந்தவர்களும் அவர்களே.