குருதிவழிக் கடன்

ஓர் உயிரைத் தன் விருப்பத்தால் பிறக்கச் செய்பவன், அவ்வுயிர் எத்தகைய உடலோடு வாழப்போகிறது என்பதை இயன்ற அளவு அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். தானே இணை தேடிக்கொள்ளும் தெருநாயிடம் இக்கடமையை எவரும் கேட்பதில்லை. இன்ன ஆண் நாயை இன்ன பெட்டையோடு சேர்ப்பதென்று முடிவு செய்து, ஈத்தை விலைக்கு விற்கும் மனிதனிடம் கேட்டே ஆகவேண்டும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிக்கரைகளை ஒட்டித் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் எழுந்துள்ள நிலத்தில், காவலுக்கென டாபர்மேனோ அல்சேஷனோ வாங்க வருபவர் உயரத்தையும் நிறத்தையும் பெற்றோர் வென்ற பரிசையும் கேட்கிறார். குருதியைப் பற்றிக் கேட்போர் அரியர்.

டாபர்மேன் இனத்தில் பரவலாகக் காணப்படும் வான் வில்லிபிராண்ட் நோய், மனிதரிடத்தும் உள்ளது. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் ஆலந்துத் தீவுக் குடும்பமொன்றில் அதைக் கண்டு 1926இல் எழுதினார். குருதித் தட்டுகள் காயத்தின் வாயில் ஒட்டிக்கொள்ளத் துணைபுரியும் புரதம் குறைந்திருப்பதே நோயின் காரணம். அந்நாய் ஓடும், குரைக்கும், இரவெல்லாம் காவல் காக்கும். நகம் ஒடியும் நாளிலோ கருப்பை நீக்கும் அறுவையின்போதோதான் குருதி நில்லாமல் கசியும். நம் நாட்டில் இதற்கு மற்றொரு மறைவும் வாய்த்திருக்கிறது. நாயின் மூக்கில் குருதி வடிந்தால் உண்ணிக் காய்ச்சல் என்றோ எலிமருந்து தின்றது என்றோ எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பலமுறை சரியாகவே இருப்பதால், மரபுவழி வந்த நோய் வினவுவாரின்றிப் போகிறது.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து அனுப்பினால், அந்த நாய் குறையற்றதா, குறையைச் சுமப்பதா, நோய்க்கு உரியதா என்பதை மரபணுச் சோதனை சொல்லிவிடும். குறை சுமக்கும் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி நோய்க்கு உரியதாகும். சுமப்பதைக் குறையற்றதோடு சேர்த்தால் அத்தகைய குட்டி பிறவாது. ஏறத்தாழப் பாதிக் குட்டிகள் சுமப்பவையாக நிற்கும். ஆகவே சுமப்பவற்றையெல்லாம் ஒருசேர ஒதுக்குவது அறமுமாகாது, அறிவுமாகாது. இதயத் தசை தளரும் நோயாலும் வருந்தும் இவ்வினத்தில் வழிகளை மேலும் குறுக்கினால், ஒரு குறையை நீக்கப்போய் வேறு குறைகளை வளர்ப்போம். கண்டிப்பிலும் அடக்கம் வேண்டியிருக்கிறது.

அல்சேஷனின் செய்தி இன்னும் கடியது. காண்டோ வான் டெர் வீனராவ் என்னும் செருமானிய ஆண் நாய், அழகுக்கும் நடைக்கும் புகழ்பெற்றுப் பலரால் இனப்பெருக்கத்துக்கு நாடப்பட்டது. அது குருதி உறையா நோய் உடையது என்பது பின்னரே வெளிப்பட்டது. அந்நோயின் மரபணு, ஆண் குட்டி தாயிடமிருந்து மட்டுமே பெறும் X நிறப்புரியில் தங்குவதால், நோயுள்ள தந்தையின் ஆண் குட்டிகள் நலமாயிருக்கும். பெண் குட்டிகள் அனைத்தும் நோயை வெளிக்காட்டாமல் சுமக்கும். அவற்றின் ஆண் மக்களில் பாதி குருதி கசிந்து வருந்தும். நலமான மகன்களைக் கண்டு தந்தையைப் புகழ்ந்தவர்கள், பேரன்களின் சாவை அதே நாயோடு சேர்த்து நோக்குவதற்குள் வழி பல நாடுகளில் பரவியிருந்தது. பரிசின் மேல் வைத்த பற்று அத்தனை தொலைவு நீளும்.

ஒரகடத்திலேயே ஊர்திகளைச் சோதிப்பதற்கென்று ஒரு தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. அங்கு தேறாத தடையமைப்பைச் சாலைக்கு அனுப்ப எந்தப் பொறியாளரும் ஒப்பார். இரும்புக்குக் காட்டும் அந்த நேர்மையை உயிருக்குக் காட்டத் தயங்குவது நமக்கு அழகன்று. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு நடுவணரசின் விதிகள், வளர்ப்போர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெறவேண்டும் என்றும், இரண்டு மாதம் நிறையாக் குட்டியை விற்கலாகாது என்றும் கூறுகின்றன. விதி எதுவாயினும், சோதனை முடிவை வாங்குபவரின் கையில் கொடுக்க விற்பவரின் மனச்சான்றுக்குத் தடையேதுமில்லை. சோதித்தறிந்தால் குட்டி விலைபோகாது என்று அஞ்சி அறியாமையைத் தேர்ந்துகொள்வதும் மறைத்தலே.

நோய்க்கு உரியதென்று தெரிந்த நாயை இகழ்ந்து கைவிடவும் வேண்டா. ஈன விடாமல் அன்போடு வளர்த்து, ஆசுபிரின் போன்ற மருந்துகளைத் தவிர்த்து, அறுவை எதுவாயினும் முன்னரே மருத்துவரிடம் சோதனைத் தாளைக் காட்டி, குருதி கொடுக்கத்தக்க வேறொரு நாயையும் அன்று அருகில் நிறுத்திக்கொண்டால், அது முதுமை வரை வாழ இடமுண்டு.