குத்திப் போடாதே

கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், வெள்ளகோவில் பேருந்து நிலையத்தில் அம்மா என் கையில் ஓர் ஊக்கைத் திணித்தாள். "வெச்சுக்க அம்மிணி. குத்திகித்திப் போடாதே" என்றாள். மூன்று வருடம் அது என் தாவணியிலேயே கிடந்தது. ஈரோடு பேருந்தின் நெரிசலில் ஒரு கை என் இடுப்பைத் தேடி வந்தபோதெல்லாம் நான் நகர்ந்து நின்றேன். ஊக்கை எடுக்கவில்லை.

வில்லியம் ஃபேர்பேர்னைப் பற்றிப் படித்தபோது அந்த ஊக்குதான் நினைவுக்கு வந்தது. ஷாங்காய் நகரக் காவல்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசிய உளவாளிகளுக்குக் கைச்சண்டை கற்றுக்கொடுத்தார். உயிர் போகும் சண்டையில் கண்ணியமான விதிகள் கிடையாது, கண்ணோ தொண்டையோ எட்டிய இடத்தில் அடி என்பதே அவர் பாடம். அதே மனிதர் 1942இல் பெண்களுக்கென ஒரு தற்காப்பு நூலும் எழுதினார். திரையரங்கில் பக்கத்து இருக்கையிலிருந்து நீளும் கையை என்ன செய்வது என்பதும் அதில் உண்டு.

'அடிப்பது அறமா?' என்று உளவாளியிடம் யாரும் கேட்பதில்லை. அரசு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுகிறது. புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதிய நூர் இனாயத் கான், பிரிட்டனின் உளவாளியாகப் பாரிஸில் இருந்தவர். 1943 அக்டோபரில் பிடிபட்டபோது, பிடிக்க வந்தவனின் கையைக் கடித்துப் போராடினார். 1944இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். அந்தக் கடியை நாம் வீரம் என்கிறோம். பேருந்தில் ஒருத்தி கடித்தால்? 'பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரமா?' என்போம். நாட்டின் எல்லைக்காக ஒப்புக்கொள்ளும் கோபத்தை, அவள் உடலின் எல்லைக்கு ஏன் மறுக்கிறோம்?

தற்காப்பைக் கற்றுக்கொடுப்பது, காக்கும் பொறுப்பையும் பெண் தலையிலேயே கட்டுவதாகாதா என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. குற்றம் தொட்டவனுடையது, தடுப்பது ஊரின் கடமை. ஆனால் ஊர் திருந்தும்வரை அவள் அதே பேருந்தில்தான் போய்வர வேண்டும்.

சென்ற மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "குத்துனா தப்புங்களா மேடம்?"

"அவன் கையை எடுக்கும்வரைக்கும் தப்பில்லை கண்ணு. எடுத்த பிறகு குத்தாதே. சத்தம் போடு" என்றேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், "எனக்கு யாரும் ஊக்கு குடுக்கல" என்றாள்.