பொய் எங்கே இருக்கிறது?

ரோஜர் அய்ல்ஸைப் பொய்யர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அவருடைய பொய் எது என்று தேடியபோது என்னால் அதைத் தொட்டுக் காட்ட முடியவில்லை. என் சங்கடம் அங்கே தொடங்குகிறது.

1967இல், மைக் டக்ளஸ் டெலிவிஷன் நிகழ்ச்சியின் தயாரிப்பாளராக இருந்த அய்ல்ஸுக்கு 27 வயது. விருந்தினராக வந்த நிக்ஸன், ஜெயிப்பதற்கு இம்மாதிரி வித்தைகள் வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். டெலிவிஷன் வித்தையல்ல என்று மறுத்தார் அய்ல்ஸ். அடுத்த வருஷத் தேர்தலில் நிக்ஸனின் டெலிவிஷன் நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர் அவர்தான். அவற்றில் நிக்ஸன் நடுவில் தனியாக நின்றார். சுற்றி அமர்ந்த குடிமக்கள் கேள்வி கேட்டார்கள். கேள்விகள் எழுதிக் கொடுக்கப்பட்டவை அல்ல; பதில்கள் நிக்ஸனுடையவை. ஆனால் கேட்பவர்களைப் பொறுக்கியது பிரசாரக் குழு. கைதட்டியவர்கள் கட்சிக்காரர்கள். நிருபர்களுக்கு ஸ்டுடியோவில் இடமில்லை. இவற்றையெல்லாம் உள்ளே இருந்து பார்த்த ஜோ மக்கின்னிஸ் 1969இல் புத்தகமாக எழுதினார்.

துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாம் நிஜம். சேர்த்துப் பார்த்தால் மட்டும் ஏதோ ஒன்று நிஜமில்லாமல் போகிறது.

தேர்வும் விலக்கலும் எல்லாக் கலைக்கும் பொதுவானவைதானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஒரு முறை நான் ஒரு கவிஞரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். நான் காட்டிய வரிகள் அனைத்தும் அத்தொகுப்பில் இருப்பவை, ஒரு எழுத்துக்கூட மாறாதவை. பலவீனமானவற்றை மட்டும் பொறுக்கியிருந்தேன். பொய் சொன்னாய் என்று அவரால் என்னைக் குற்றம் சாட்ட முடியவில்லை. அந்தப் பாதுகாப்பில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே தேர்ந்தெடுப்பது குற்றமல்ல. தேர்வைப் பற்றிய கேள்விக்கு வழி விட்டிருக்கிறோமா என்பதே விஷயம். 1968இன் அந்த ஸ்டுடியோவில் வியட்நாம் பற்றிக் கேட்கலாம், விலைவாசி பற்றிக் கேட்கலாம். நாற்காலிகளை யார் போட்டார்கள் என்று மட்டும் கேட்க முடியாது. அதைக் கேட்கக்கூடியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். என் மதிப்புரையைப் படித்தவர்களிடமோ மூலத் தொகுப்பு இல்லை. நானும் அதை நம்பித்தான் எழுதினேன்.

1984இல் முதல் விவாதத்தில் தடுமாறிய ரீகனை இரண்டாவதற்குத் தயார் செய்தவர்களில் அய்ல்ஸும் ஒருவர். 1988இல் புஷ்ஷுக்கு ஆலோசகர். 1996இல் முர்டாக்கின் முதலீட்டில் ஃபாக்ஸ் நியூஸைத் தொடங்கி, நியாயமும் சமநிலையும் என்ற வாசகத்தை அதன் முத்திரையாக்கினார். அதாவது, சட்டகமே இல்லை என்று சட்டகத்தின் மேலேயே எழுதிவைத்தார். 2016 ஜூலையில், அங்கே வேலை பார்த்த பெண்கள் அவர்மீது பாலியல் தொல்லைப் புகார்களை வெளிப்படையாகச் சொன்னபோது அவர் மறுத்தார். ஆனால் பதவி விலக நேர்ந்தது. அடுத்த மே மாதம் இறந்தார். திரையில் எது தெரியலாம் என்று 20 வருஷங்கள் தீர்மானித்தவரைப் பற்றிய கேள்வி, கடைசியில் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தவர்களிடமிருந்தே வந்தது.

அந்தக் கவிஞரின் தொகுப்பைச் சென்ற மாதம் மறுபடி படித்தேன். நான் விட்டுவிட்ட கவிதைகளில் நான்கு நன்றாக இருக்கின்றன. அப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.