பாட்டி எப்படிச் சொல்வார்?

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஆறு வயதுக் கறுப்பினக் குழந்தை, குளியலைக் குறிக்கும் 'பாத்' என்ற சொல்லை 'பாஃப்' என்கிறது. சோதனைத் தாளில் அதற்குப் பிழைக்குறி. நுனிநாக்கைப் பற்களுக்கு நடுவே நீட்டிக் காட்ட ஸ்பீச் தெரபிஸ்ட் கைக்கண்ணாடியை எடுக்கிறார். தெரபிஸ்ட் அந்தக் குழந்தையின் வீட்டுப் பேச்சுக்குள்ளேயே வளர்ந்த ஒருவராக இருந்தால், கண்ணாடியை எடுக்குமுன் கேட்பார்: வீட்டில் பாட்டி எப்படிச் சொல்வார்? பாட்டியும் அப்படியே சொல்கிறார் என்றால் திருத்த ஒன்றுமில்லை.

*

1979-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில், கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைக் கணக்கில் கொண்டே வாசிப்புக் கற்பிக்க வேண்டும் என்று நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். ஆங்கிலத்தின் எந்த வழக்கும் பேச்சுக் கோளாறு ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 1983-இல் அறிவித்தது. அறிவிப்பு சரிதான், கேட்கும் காதுகள் எங்கே? சங்க உறுப்பினர்களில் சிறுபான்மை இனத்தவர் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான்.

*

அந்தச் சிலரில் ஒருவர் இளம் வயதிலேயே போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூக்கள் வேண்டாம், அவர் பெயரிலான உதவித்தொகைக்குக் கொடுங்கள் என்று இரங்கல் குறிப்பில் குடும்பம் எழுதும். அங்கே இது வழக்கம். கூடப் படித்தவர்களும் சேர்ந்து 25,000 டாலர் திரட்டிவிட்டால், அசலில் கைவைக்காமல் நான்கு சதவீதக் கணக்கில் ஆண்டுக்கு 1,000 டாலர் கிடைக்கும்.

சிறிய தொகைதான். முதுகலைப் படிப்பின் செலவுக்கு முன் ஒன்றுமேயில்லை. ஆனால் ஸ்பீச் தெரபிஸ்ட் சான்றிதழுக்கு 400 மணிநேர மேற்பார்வைப் பயிற்சி வேண்டும், பெரும்பாலும் சம்பளமில்லாமல். அதற்காக மாலை வேலையை விட்ட மாணவிக்குத் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போய்வரும் பெட்ரோல் காசும் தேர்வுக் கட்டணமும் அதிலிருந்து வரும். கட்டடத்தில் பெயர் பொறிப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

*

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை விதித்தது. வழக்கு சேர்க்கை பற்றியது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை விதிகளையும் திருத்தத் தொடங்கின. 'கறுப்பின மாணவி' என்றிருந்த இடத்தில் 'குடும்பத்தின் முதல் பட்டதாரி' வரலாம். மகளை நினைத்து எழுதிய வரியை அடித்துவிட்டு ஒப்பமிடும்படி தாயிடம் கடிதம் வந்தால், அதை எத்தனை நாள் மேசையில் போட்டு வைத்திருப்பாரோ! முதல் பட்டதாரிக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் அந்த மகள் எந்தக் குறையை நிரப்பினாள் என்பது புதிய வரியில் இல்லை.

இப்படிப்பட்ட உதவித்தொகைகளின் விண்ணப்பத்தில் சிலர் இறந்தவரைப் பற்றிக் கட்டுரையும் கேட்கிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், பணத்துக்காக, முன்பின் தெரியாதவரைப் புகழ்ந்து எழுத வேண்டுமா? அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். 'பாஃப்' என்று சொல்லும் குழந்தை முன்னால் வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்கட்டும். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.